செத்தல் மிளகாயும் வதனியின் காதும்

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து டெலிபோன் வந்தது. நான் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கலந்து கொடுத்த ஹோமியோபதி டிஸ்பென்சரியை இப்போது நடத்தும் டொக்டர்தான் பேசினார். இளம் பெண். இந்தியாவில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். இப்போது எல்லா மருந்தும் முத்திரை வைத்த போத்தலில் வெளிநாட்டிலிருந்து வந்துவிடுகிறதாம்.

"மிஸ், நீங்கள் இஞ்சையே செத்தல் மிளகாயை ஊறப்போட்டு மருந்து வடிச்சனீங்களாமே. எப்பிடியெண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன். எங்கட சங்கத்து மலரில போடலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். செய்முறைக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் மனம் மிளகாயை விட்டுவிட்டு ஒரு பிள்ளையின் காதில் போய் நிற்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மலரில் போட விருப்பமில்லையென்றால் போடாமல் விடலாம், நான் கோபிக்கமாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. கொட்டாஞ்சேனையில் பிறந்து அங்கேயே கல்யாணம் முடித்தவள். அப்பாவும் துறைமுகம், கட்டினவரும் துறைமுகம். அவர் வேலை முடிந்து வர அரை மணி நேரம் பிந்தினாலே நான் ஜெபமாலையை எடுத்துவிடுவேன். "நீ ஒருநாளைக்குப் பயமில்லாம இருந்தா அதுக்கும் பயப்பிடுவ" என்று அவர் பகிடி பண்ணுவார். இப்படிப்பட்டவள் யுத்தகாலம் முழுக்க, ஸ்பிரிட் போத்தலையும் வெள்ளைத் தூளையும் பையில் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன்.

வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. டைப்பிங் படித்துவிட்டு வேலை தேடித் திரிந்தபோது ஆரோ சொல்லிப் போனேன். முதல் ஆறு மாதம் போத்தல் கழுவினேன். பிறகு லேபல் எழுதினேன். பிறகு சீனி உருண்டைகளில் மருந்துத் துளி விட்டுக் குலுக்கப் பழகினேன். மூன்றாவது வருடம் மருந்து அலுமாரியின் சாவி என்னிடம் வந்தது.

டொக்டர் சிவக்கொழுந்து யாழ்ப்பாணத்து மனிதர். அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். அவரைப் பாடாய்ப்படுத்திய மூச்சிழுப்பு ஹோமியோபதியில் குறைந்ததாம். அன்றிலிருந்து அதையே படித்து, வேலையையும் விட்டுவிட்டு, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் டிஸ்பென்சரி திறந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் களிசான், நெற்றியில் மெல்லிய திருநீறு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் நோயாளியைத் தொடமாட்டார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாடி பிடிக்கமாட்டார், வயிற்றை அமுக்கமாட்டார், கண்ணை விரித்துப் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தன் மோவாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நோயாளி நிறுத்தினால் "வேறை?" என்பார். அந்த ஒரு சொல்லில் சனம் தன் சீவியம் முழுவதையும் கொட்டிவிடும். தண்ணி குடித்தால் குளிருதோ, எந்தப் பக்கம் சரிந்து படுப்பீர்கள், கனவில் ஆர் வருகினம் என்றெல்லாம் கேட்பார். எல்லாவற்றையும் ஒரு தடித்த கொப்பியில் எழுதுவார். "வருத்தம் வாயால சொல்லும், ரீற்றா. கை வைச்சுப் பாக்கிறவனுக்குக் கேக்காது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். நம்பாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இனி மிளகாய், அதாவது காய்ந்த செத்தல். புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில்தான் வாங்குவேன். நீளமாகப் பளபளப்பாக இருப்பது வேண்டாம். சின்னதாய், சுருங்கி, கையில் எடுத்தாலே மூக்கில் ஏறுவதுதான் வேண்டும். காம்பைக் கிள்ளிவிட வேண்டும், விதையை எறியக்கூடாது. இரும்பு உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், மாவாகிவிட்டால் வடியாது. ஒரு பங்கு மிளகாய்க்குப் பத்துப் பங்கு கடும் ஸ்பிரிட். வாயகன்ற பிரவுன் போத்தல், இறுக்கமான தக்கை, வெளிச்சம் படாத மூலை. இரண்டு கிழமைக்குக் காலையும் மாலையும் குலுக்கிவிட்டு, மல் துணியில் பிழிந்து, பிறகு வடிதாளில் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். நல்ல தேயிலைச் சாயத்தின் நிறத்தில் வரும். இதைத்தான் மதர் டிங்சர் என்போம். தொடுவதற்கு முதல் கைக்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். பூச மறந்த நாளில் எரிவு தொடங்கினால் தண்ணீரில் கழுவிப் பிரயோசனமில்லை, திரும்பவும் எண்ணெய்தான். முதல் வருடத்தில் ஒருநாள் மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிவிட்டேன். அன்று நான் அழுததைப் பார்த்து, வீட்டில் செத்தவீடாக்கும் என்று நோயாளிகள் துக்கம் விசாரித்தார்கள்.

இந்த டிங்சரில் கொஞ்சத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து இடுப்புக்கும் முழங்காலுக்கும் பூசக் கொடுப்போம். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஆட்களுக்கு அது இல்லாமல் முடியாது. மட்டக்குளியிலிருந்தெல்லாம் என் வீட்டுக்கே வந்து வாங்கிப்போவார்கள். பூசின இடம் சுள்ளென்று எரிந்து, எரிவு அடங்கும்போது நோவும் மரத்துப்போகும். அதில் பொய்யில்லை. இன்றைக்கும் என் முழங்காலுக்கு நான் அதைத்தான் பூசுகிறேன்.

உள்ளே சாப்பிடுகிற மருந்து வேறு விதம். டிங்சரில் ஒரு துளியைத் தொண்ணூற்றொன்பது துளி ஸ்பிரிட்டில் விட்டு, தோல் அட்டை போட்ட பழைய அகராதியின் மேல் போத்தலைப் பத்துத் தரம் தட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு துளி எடுத்துத் திரும்பவும் அப்படியே. முப்பது தரம். கடைசியில் அதில் மிளகாயின் மணமும் இருக்காது, உறைப்பும் இருக்காது. ஆனால் சக்தி கூடியிருக்கும் என்பது டொக்டரின் நம்பிக்கை. எரிகிற தொண்டைக்கும், காதுக்குப் பின்னால் எலும்பில் வருகிற நோவுக்கும் கொடுப்பார். வீட்டு நினைவில் நித்திரையில்லாமல், கன்னம் சிவந்து கிடக்கிற ஆட்களுக்கும் இதுதான் மருந்து என்று அவருடைய புத்தகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் வீட்டு நினைவில்லாத ஆள் ஆர்? வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்துக்கிடந்தவர்களுக்கெல்லாம் நான் அந்த மருந்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வதனியும் அப்படி வந்தவள்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய அம்மா சரஸ்வதி கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் பதினைந்து வயது. தகப்பன் கனடாவில். அடுத்த செவ்வாய்க்கிழமை இருவருக்கும் தூதரகத்தில் விசா நேர்காணல். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த நாள் அது. இதற்கிடையில், வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்க எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு அவர்களுக்குக் காலாவதியாகிவிட்டிருந்தது. புதுப்பிக்கப் போனால் வவுனியாவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆரோ சொன்னதைக் கேட்டு, போகாமல் லொட்ஜில் ஒளித்திருந்தார்கள். பிடிபட்டால் நேர்காணல் போய்விடும். நேர்காணல் போனால் இன்னும் எத்தனை வருடமோ தெரியாது. இதையெல்லாம் அந்தத் தாய் டொக்டருக்குச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"காதுக்குப் பின்னால நோகுதாம் டொக்டர். இரவிலை நித்திரை இல்லை. வீட்டை போவம், வீட்டை போவம் எண்டு அழுகிறா."

"வேறை?"

"தண்ணி விடாய். குடிச்ச உடனை நடுங்கிறா."

"கன்னம் எப்பவும் இப்பிடிச் சிவப்போ?"

"இல்லை, இப்ப ரெண்டு நாளாத்தான்."

டொக்டரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். புத்தகத்தில் மிளகாய்க்கு எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் அந்தத் தாயின் வாயால் வந்துகொண்டிருந்தது. அத்தனையும் பொருந்துகிற நோயாளி ஒரு ஹோமியோபதிக்காரருக்கு ஆயுளில் ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள். காய்ச்சலில் சிவந்த கன்னத்தை அவர் ஊர் ஏக்கத்தில் சிவந்த கன்னமாக எடுத்துக்கொண்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை. மிளகாய் மருந்து ஒரே ஒரு வேளை கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

புதன்கிழமை தாய் மட்டும் ஓடிவந்தார். நோவு கூடிவிட்டது, பிள்ளை தலையைத் தொட விடுகிறாள் இல்லை என்றார்.

டொக்டர் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ. மருந்து பிடிச்சிட்டுது. முதல்ல கூட்டித்தான் பிறகு குறைக்கும். கூடினா நல்ல அறிகுறி."

இது எங்கள் வைத்தியத்தில் உள்ள ஒரு கொள்கை. சரியான மருந்து முதலில் வருத்தத்தைக் கொஞ்சம் கூட்டும். அந்த நேரத்தில் வேறு மருந்து கொடுத்துக் குழப்பக்கூடாது, பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருக்கிற நாட்களில் நோயாளியின் மனம் ஆற வெறும் பால்சீனித் தூளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்போம். அன்றைக்கும் ஆறு பொட்டலம் கட்டினேன். அதில் மருந்து ஒன்றும் இல்லை. அந்தத் தாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை டொக்டர் என்னை லொட்ஜுக்கு அனுப்பினார். "வீட்டை போற வழியில பிள்ளையை ஒருக்கா பாத்திட்டுப் போங்கோ. பாத்து நாளைக்குச் சொல்லுங்கோ."

லொட்ஜ் மூன்றாம் மாடியில் ஒரு அறை. ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நோகிற பக்கம் தலைமயிர் படக்கூடாது என்று தாய் அதை மறுபக்கம் அள்ளிப் பின்னியிருந்தார். அப்போதுதான் அந்தக் காது எனக்கு முழுதாகத் தெரிந்தது. காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காதுமடல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. மற்றக் காது தலையோடு ஒட்டிக் கிடந்தது. நான் டொக்டர் இல்லை. ஆனால் எனக்குக் கண் இருந்தது. இது மிளகாயின் வேலையில்லை, உள்ளே ஏதோ பழுத்துக்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"மருந்துதானே மிஸ் வேலை செய்யுது?" என்று தாய் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அன்று என் பையில் மிளகாய் டிங்சர் ஒரு பெரிய போத்தலும், பால்சீனி ஒரு பொதியும் இருந்தன. துறைமுக ஆட்களுக்கு எண்ணெய் கலக்கக் கொண்டுபோனது. பம்பலப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் என் பையைத் திறந்து போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

"பெஹெத், மிரிஸ் பெஹெத்" என்றேன். மருந்து, மிளகாய் மருந்து.

மிளகாயில் என்ன மருந்து என்று தக்கையைத் திறந்து மூக்கில் வைத்தான். வைக்காதே என்று சொல்வதற்குள் அவனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று மற்றச் சிப்பாய்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். வெள்ளைத் தூளையும் கண்டதும் கதை பெரிதாகிவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரு பலகையில் உட்கார்த்தி வைத்தார்கள். எங்கே வேலை, எந்த வழியாக வந்தாய், ஆரைச் சந்தித்தாய் என்று மாறி மாறிக் கேட்டார்கள். லொட்ஜின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அங்கே போய்விடுவார்கள். வேலையிலிருந்து நேரே வருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரியவர் ஒருவர் வந்து, பால்சீனியில் ஒரு சிட்டிகையை என்னையே தின்னச் சொல்லி, நான் தின்றதைப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை டொக்டர் கேட்டார். "பிள்ளை எப்பிடி இருக்கிறா, ரீற்றா?"

"அப்பிடியேதான் இருக்கு டொக்டர். மோசமில்லை."

அப்படித்தான் சொன்னேன். டொக்டருக்குப் பயந்து சொன்னேன் என்று இவ்வளவு காலமும் என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். அது உண்மையில்லை. அவர் கோபிக்கிற மனிதர் அல்ல. வீக்கத்தைச் சொல்லியிருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார். கொண்டுபோக வேண்டிய ஆள் நான்தான். கொழும்பு முகவரியில் அடையாள அட்டையும் வாயில் சிங்களமும் உள்ள ஆள் அங்கே நான் ஒருத்திதான். அந்தப் பலகையில் இன்னொரு தரம் போய் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். அன்று முழுவதும் லேபல் எழுதினேன். ஒவ்வொரு லேபலிலும் எழுத்து கோணிக்கொண்டு போனது. இரவு ஜெபம் சொல்லப் போனால் அந்தக் காதுதான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் டிஸ்பென்சரியைத் திறக்க, சரஸ்வதி செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"மிஸ், பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டே இருக்கிறா. கூப்பிட்டா கண் முழிக்கிறா இல்லை. டொக்டர் எங்கை?"

டொக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். வந்தால் கண்ணை மூடிக்கொண்டு "வேறை?" என்பார். அந்தச் சொல்லை நினைத்ததும் எனக்கு முதல் தடவையாக அவர் மேல் ஆத்திரம் வந்தது. என் மேல் வந்ததை அவர் மேல் போட்டேனோ தெரியாது. சாவியைப் பக்கத்துத் தையல்கடையில் கொடுத்துவிட்டு லொட்ஜுக்கு ஓடினேன்.

"நான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன். நீங்கள் வரவேண்டாம்."

"நான் வராம என்னெண்டு பிள்ளையை விடுறது?"

"நீங்கள் வந்தா மூண்டு பேரையும் பிடிப்பினம். நான் தனியக் கொண்டுபோனா, என்ர அக்காவின்ர மகள் எண்டு சொல்லலாம்."

தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். குனிந்து, வதனியின் நெற்றியிலிருந்த பொட்டைத் தன் பெருவிரலால் துடைத்தார். நான் என் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டேன். "ஆரும் கேட்டா மேரி எண்டு சொல்லு" என்றேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, அசையவில்லை.

முச்சக்கரவண்டிக்காரன் சிங்களவன், எனக்கு முகம் தெரிந்த ஆள். பிள்ளையின் தலையை என் மடியில் வைத்துத் துவாயால் மூடிக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது. அதே பம்பலப்பிட்டிக் காவலரணில் கை காட்டினார்கள். ஒரு பொலிஸ் பெண் குனிந்து பார்த்தாள். என் அடையாள அட்டையை வாங்கினாள். பிள்ளை ஆர், பதிவுத் துண்டு எங்கே என்று கேட்டாள்.

"அக்காகே துவ" என்றேன். அக்காவின் மகள்.

துவாயை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அவள் காதைப் பார்த்தாள். பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. கையை நீட்டிப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். பதிவுத் துண்டைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை. அடையாள அட்டையை என் கையில் திணித்து, வண்டிக்காரனைப் பார்த்து, "இக்மனட்ட யன்ன" என்றாள். கெதியாகப் போ.

ஐந்து நாட்களாக நாங்கள் செய்யாததை அவள் அரை நிமிடத்தில் செய்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காது டொக்டர் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு கிழமை என்றேன். இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஹோமியோபதி என்றேன். என்ன மருந்து என்றார். மிளகாய் என்றேன். அவர் ஏசவில்லை. குனிந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். முன் சிகிச்சை என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. ஆனால் அவர் எழுதியது சரிதான்.

அன்றே எலும்பைத் திறந்து சீழ் எடுத்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் இருந்து நான் செபித்ததுபோல் வேறு எந்த நாளிலும் செபித்திருக்கமாட்டேன். பின்னேரம் காது டொக்டர் வெளியே வந்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் மூளைக்குப் போயிருக்கும், பிள்ளை தப்பியது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். பிறகு, காது கேட்பது கடினம், உள்ளே இருக்கிற சின்ன எலும்புகள் அரிக்கப்பட்டுவிட்டன என்றார். இரண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் காதும் தப்பியிருக்கலாம் என்றார்.

இரண்டு நாள் முந்தியென்றால் வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்னுடைய கொட்டாஞ்சேனை முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். அதன் பிறகு மூன்று கிழமை வீட்டுக் கதவில் ஆர் தட்டினாலும் எனக்குச் சீவன் போய்வந்தது. ஒருநாள் பகல் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார். பக்கத்து வீட்டு நாயைப் பற்றி முறைப்பாடு விசாரிக்க வந்திருந்தார். என் வீட்டுக்காரர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வதனியைப் பற்றி ஒருவரும் கேட்டு வரவில்லை. நேர்காணலுக்குத் தாய் மட்டும் போனார். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினார். பிள்ளைக்கு வேறு நாள் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் இருவரும் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

போவதற்கு முதல் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். தாய் பழத்தட்டை டொக்டரின் மேசையில் வைத்து, "உங்கட மருந்துதான் டொக்டர் பிள்ளையை அதுவரைக்கும் தாங்கி வைச்சிருந்தது" என்றார்.

டொக்டர் எழுந்து நின்றார். நோயாளிக்கு முன்னால் அவர் எழுந்து நின்றதை அன்றுதான் கண்டேன்.

"இல்லை அம்மா. என்ர மருந்து ஒண்டும் செய்யேல்லை. நான் காய்ச்சலை ஏக்கம் எண்டு நினைச்சிட்டன். காது போனதுக்கு நான்தான் காரணம். மன்னியுங்கோ." பிறகு என்னைக் காட்டினார். "பிள்ளையைக் காப்பாத்தினது இவ."

சரஸ்வதி அதை ஏற்கவில்லை, டொக்டர் தன்னடக்கத்தில் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டார். ஆனால் என் பக்கம் திரும்பி, என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை கண்டேன், வெள்ளிக்கிழமை மறைத்தேன் என்று இரண்டு வசனம் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய டொக்டரும் எனக்கு எதிரிலேயே நின்றார். பழத்தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதன் பிறகு டொக்டர் மாறிவிட்டார். பிள்ளைகள் வந்தால் முதலில் கையைக் கழுவுவார், நெற்றியைத் தொடுவார், இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலால் மெல்ல அமுக்குவார். அறுபது வயதுக்கு மேல் பழகிய வேலை என்பதால் கை கூச்சப்பட்டது தெரியும். "கூடினா நல்ல அறிகுறி" என்று அவர் சொல்லிப் பிறகு நான் கேட்கவில்லை. கூடினால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். வதனியின் பக்கத்தைக் கொப்பியில் அடிக்கடி திறந்து பார்ப்பார். அதன் கீழே, 'பிழை என்னுடையது' என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். நான் சாவி வைத்திருந்தவள். அந்த அலுமாரியைத் தினமும் திறந்து மூடினேன். அவர் இறக்கும்வரை அந்த வரி முழுதாக அவருடையது அல்ல என்று சொல்லவில்லை. இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஆகவே, என்னை எழுதச் சொன்ன டொக்டர் பிள்ளை, செய்முறை மேலே இருக்கிறது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் தாராளமாகப் பூசுங்கள். காதுக்குப் பின்னால் நோவு என்று ஆராவது வந்தால், தயவுசெய்து முதலில் தொட்டுப் பாருங்கள்.

வதனிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கனடாவிலிருந்து டெலிபோன் எடுப்பாள். போன நத்தாருக்கும் எடுத்தாள். "மிஸ்ஸால தான் நான் உயிரோட இருக்கிறன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஆனால் அதற்கு முதல், எப்போதும் இது நடக்கும். நான் ஹலோ என்பேன். அவள் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. திரும்பவும் ஹலோ என்பேன். பிறகுதான் அவள் குரல் வரும்.

"கொஞ்சம் பொறுங்கோ மிஸ், மற்றக் காதுக்கு மாத்துறன்."

நான் பொறுத்திருப்பேன்.